கோடு கூட்டும் மீன்

கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடை. உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்றில், கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் சுழித்த சின்ன மீன். பக்கத்துத் தொட்டியில், மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட பெரியது. கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. "ரெண்டும் எம்பரர்தாண்ணா. அது குட்டி, இது பெருசு" என்றார் கடைப்பையன். எம்பரர் ஏஞ்சல் என்னும் கடல்மீனைச் சொல்கிறார். (வீட்டுத் தொட்டிகளில் வளரும் நன்னீர் ஏஞ்சல் வேறு குடும்பம்; அது அமேசான் பக்கத்து மீன்.)

நம்பாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரியதற்கு 1787இல் பெயர் வைத்த ஜெர்மானிய மீனியல் அறிஞர் பிளாக்கின் (Bloch) பெயரிலேயே, 1801இல் வந்த நூலில் குட்டி தனி இனமாக ஏறியது, நிக்கோபார் தீவின் பெயரோடு.

நிறத்தை விடுங்கள், கன்னத்தைப் பாருங்கள். செவுள் மூடிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிய ஒரு முள் இருக்கும். ஏஞ்சல் குடும்பத்துக்கே உரியது அது. பார்வைக்கு அதே சாயலில் இருக்கும் பட்டாம்பூச்சி மீனுக்குக் கிடையாது. பையன் வலையைத் தொடவே இல்லை, பிளாஸ்டிக் டப்பாவால்தான் மொண்டார். வலைக்கண்ணில் முள் சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் மீன் பாடுபட்டுவிடும்.

குட்டிக்கு ஏன் வேறு சட்டை? பெரிய எம்பரர் தன் இடத்துக்குள் இன்னொரு எம்பரரை விடாது. வேறு கோலத்தில் இருந்தால் குட்டி அடி வாங்காமல் தப்பும் என்பது ஒரு விளக்கம்.

எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் கோடுகள்தான். கோடு வரைந்த பலூனை ஊதினால் கோடும் இடைவெளியும் சேர்ந்து அகலும். எம்பரர் அப்படி வளர்வதில்லை. பெரிய கோலத்துக்குப் புள்ளி இடைவெளியை அகட்ட மாட்டோம், வரிசையைத்தான் கூட்டுவோம் அல்லவா? அதே கணக்கு. உடல் பெருக்கப் பெருக்க இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்க, கோடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு கோடு ஓரிடத்தில் கவையாகப் பிரியும். அந்தக் கவை ஜிப் திறப்பதுபோல மெல்ல நகர்ந்து, ஒன்றை இரண்டாக்கிவிடும்.

இதை மீனை வளர்த்துப் பார்த்துப் பதிவு செய்தவர்கள் ஜப்பானியர்களான கோண்டோவும் அசாயும், 1995இல். கணிதமேதை ஆலன் டூரிங் 1952இலேயே காகிதத்தில் போட்ட கணக்கோடு அது பொருந்தியது. அந்தக் கணக்கின்படி, நிறத்தைத் தூண்டும் ஒரு பொருள் தன் அருகிலேயே பெருகும்; அதை அடக்கும் மற்றொன்று விரைந்து தூரம் பரவும். தோல் விரிந்து அடக்குவதன் பிடி எட்டாத இடைவெளி விழுந்தால், அங்கே புதுக் கோடு முளைக்கும்.

பெரிய மீன் கண்ணாடியோரம் திரும்பியபோது பார்த்தேன். முதுகுப்பக்கம் ஒரு மஞ்சள் கோடு பாதியில் கவைத்து நின்றிருந்தது.