ஜீப் ஏறும் முன் பிரஷர் மாத்திரை

விடியும் முன்பே தேனி மாவட்டம் கம்பம், கூடலூர் தெருக்களில் ஜீப் வந்து நிற்கும். குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு ஏறியோ கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். என் சித்தியும் அப்படிப் போகிறவர்தான். பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியும் வாங்கவில்லை. "தலைசுத்தல் இல்லையே, எதுக்கு?" என்றார். எனக்குப் பகீரென்றது. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இவரைப் போன்றவர்களுக்காகவே 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். பிரஷரும் சர்க்கரையும் பார்க்க மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வருவார். பட்டியலில் இருப்பவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து தருவார். காசு கிடையாது. பெயர் சேர்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முப்பது வயது தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை இது.

பகலில் வீடு பூட்டியிருக்கிறதா? தன்னார்வலர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்தான். வீட்டில் இருக்கும் நேரத்தை அவரிடம் சொல்லி வையுங்கள். சித்தி விஷயத்தில் இந்த ஒரு வார்த்தைதான் விட்டுப்போயிருந்தது.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ வேண்டாம். 140/90-க்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது என்று இங்கே கணக்கு. அமெரிக்காவில் 2017 முதல் 130/80-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள்.

தென் கொரியாவிலும் கனடாவிலும் பிரஷர் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்தால் ஐந்தில் ஒருவர்தான். கொரியாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காப்பீட்டிலேயே உடல் பரிசோதனை நடக்கிறது. அம்லோடிபின் போன்ற பழைய, விலை குறைந்த மாத்திரைகள்தான் எங்கேயும் புழங்குகின்றன. வித்தியாசம் தேடிக் கண்டுபிடிப்பதிலும், விடாமல் கொடுப்பதிலும்தான் என்பது என் எண்ணம்.

சரி, மலைமேல் வேலையில் இருக்கும்போது மயக்கம் வந்தால்? அங்கே இருக்கும் டாக்டருக்கு நீங்கள் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? 'வெள்ளை மாத்திரை' என்றால் போதாது. சித்தியின் தூக்குவாளிப் பைக்குள் இப்போது பெயர் தெரியும்படி ஒரு காலி மாத்திரை அட்டை இருக்கிறது.