ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகிறவர்களுக்கு

திங்கட்கிழமை காலையில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "சார், நேத்து ஒரு சைட் பார்த்தோம். டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டோம். பத்திரத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

திருச்சியில் சொத்துப் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் முழுநேரமாக நிலம் வாங்கி விற்பவர்கள் குறைவு. வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ஷிப்டு முடித்து நேராக வரும் தொழிலாளி, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்காக வரும் அப்பா, இப்படித்தான் இருப்பார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை மண்ணில் போட்டு நாலு காசு பார்க்கலாம் என்ற ஆசை. ஆசையில் தப்பில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைப் படிக்கிறார்களே, அந்த வரிசைதான் தப்பு.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். வேன், மதியச் சாப்பாடு, இன்றைக்கே புக் செய்தால் தங்கக் காசு எல்லாமே ஞாயிறன்றுதான். அன்றைக்குத் தாலுகா அலுவலகம் பூட்டியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரைப் பிடிக்க முடியாது. வக்கீல் ஏதாவது கல்யாண வீட்டில் இருப்பார். விசாரிக்க ஒரு ஆள் கிடைக்காத நாளில் உங்களை முடிவெடுக்க வைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கி ஊழியர் வந்தார். ஊருக்கு வெளியே 1,200 சதுர அடி மனை பார்த்திருந்தார். 50,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது. ரசீது என்று அவர் காட்டியது ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் கிறுக்கிய மூன்று வரி. பதினைந்து நாளில் பத்திரம் முடிக்க வேண்டுமாம். "ஈசி கிளீனா இருக்கு சார்" என்றார்.

ஈசி என்கிற வில்லங்கச் சான்று உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்தது. நான் தாய்ப்பத்திரத்தை, அதாவது நிலம் முன்பு கைமாறிய பழைய பத்திரத்தைக் கேட்டேன். நாலு நாள் இழுத்தடித்து வாட்ஸ்அப்பில் வந்தது, நடுவில் இரண்டு பக்கம் இல்லாமல். விடாமல் கேட்டு அந்த இரண்டு பக்கத்தையும் வாங்கினால், விஷயமே அங்கேதான் இருந்தது. 2010-ல் அந்த நிலத்தை விற்றவர் கணவரை இழந்த ஒரு பெண். கணவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய இடம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அந்தப் பெண் தனக்காகவும் தன் எட்டு வயது மகனுக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்கவில்லை.

மைனரின் அசையாச் சொத்தைத் தாயோ தகப்பனோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்பது இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டுச் சட்டம். விற்றால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2022-ல். பையனுக்கு அப்போது 20 வயது. வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. அது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். 2010 பத்திரத்தையும் சாதாரணக் கிரயமாகத்தான் காட்டும். பதிவு செய்யாத உயிலோ, பிரிந்துபோன வாரிசோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் இல்லாமல் போகலாம்.

பையன் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கித் தரும்படி விற்பவரிடம் சொல்லுங்கள் என்றேன். "அவன் எங்க இருக்கான்னே தெரியாது" என்று பதில் வந்தது. வங்கி ஊழியர் பின்வாங்கினார். இரண்டு மாதம் நடையாக நடந்து 25,000 ரூபாய் திரும்பியது. மீதியைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொண்டார்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சொத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேட்டவுடன் முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

அப்புறம், வில்லங்கம் போடும்போது பழைய சர்வே எண், புதிய உட்பிரிவு எண் இரண்டுக்கும் போடுங்கள். புதிய எண்ணுக்கு மட்டும் போட்டு "முப்பது வருஷம் சுத்தம்" என்று கொண்டுவருவார்கள். அந்த எண்ணே போன வருஷம்தான் பிறந்திருக்கும். பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். பட்டா, கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேடு, புல வரைபடம் இவையும் அரசு இணையதளத்தில் கிடைக்கின்றன. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பட்டா இருப்பதாலேயே உரிமை வந்துவிடாது. பத்திரமும் பட்டாவும் ஒரே பெயரை, ஒரே அளவைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்துப் பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று கேளுங்கள். வெறும் பவரைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் என்னுடையது என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் தனியாக ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க முடியாது. நகர ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி, சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ, இவற்றின் ஒப்புதல் வேண்டும். "டிடிசிபிக்கு அப்ளை பண்ணியிருக்கோம்" என்பது ஒப்புதல் ஆகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது நினைவிருக்கலாம். அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள 2017-ல் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு கிளம்பிய அங்கீகாரமற்ற மனைகளுக்கு அந்தக் கதவு இல்லை. விளம்பரத்தில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை ரெரா தளத்தில் தட்டிப் பாருங்கள். ரெராவில் பதிவான திட்டம் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது.

சரி, காகிதம் எல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். லாபம் வருமா? இங்கேதான் நான் வக்கீல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்வேன். 20 லட்சம் ரூபாய் மனை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000. தரகு, எழுத்துக்கூலி, பட்டா மாற்றம் என்று எல்லாம் சேர்த்து 22 லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த 22 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 31 லட்சம். வட்டிக்கு வரி உண்டுதான். மனையை விற்றாலும் வரி உண்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். ஆக, உங்கள் மனை ஐந்து ஆண்டில் 31 லட்சத்துக்குப் போகவில்லை என்றால், தூக்கம் கெட்டதற்குக் கூலி கிடைக்கவில்லை என்று அர்த்தம். "பத்து வருஷத்துல டபுள் ஆயிடுச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள். வருஷத்துக்கு 7 சதவீதம் கூட்டு வட்டி கிடைத்தாலே பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான்.

வீட்டு வாடகையை நம்பி ஃபிளாட் வாங்குகிறவர்களும் உண்டு. நான் பார்த்தவரை 40 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 10,000, 12,000 வாடகை வந்தால் பெரிது. கடன் தவணை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். நடுவில் குழாய் ஒழுகும், வாடகைக்காரர் ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுவார். இதற்கெல்லாம் நேரமே இல்லை என்பவர்கள் பங்குச் சந்தையில் கிடைக்கும் ரெய்ட் யூனிட்களைப் பற்றிப் படித்துப் பார்க்கலாம். 2019-லிருந்து இந்தியாவில் இருக்கிறது. அலுவலகக் கட்டட வாடகையில் ஒரு துளிப் பங்கு. பத்திரம் கிடையாது, கல் நடுவது கிடையாது. விலை ஏறி இறங்கும். எனக்கு வக்கீல் ஃபீஸும் கிடையாது.

அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நடத்தை விதிகளின்படி அசையாச் சொத்து வாங்குவதையும் விற்பதையும் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மனைவி பெயரில்தானே வாங்குகிறேன் என்பவர்களும் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பெண்கள் பெயரில் வாங்குவதில் ஒரு சலுகையும் இருக்கிறது: 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

பகுதிநேரமாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் தினம் போகும் வழியில் வாங்குங்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி விமான நிலையம் வரப்போகும் இடம் என்று வாங்கிப் போட்டவர்கள், ஐந்து வருஷம் கழித்துப் போனால் சீமைக்கருவேலத்துக்குள் தங்கள் மனை எது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறார்கள். காலி மனைக்குக் காவல் வேண்டும். அந்தக் காவலுக்கு உங்களால் கொடுக்க முடிந்தது வாரத்தில் அரைமணி நேரம் என்றால், அந்த அரைமணி நேரத்துக்குள் எட்டுகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

அந்த வங்கி ஊழியர் அப்படித்தான் செய்தார். கிளைக்குப் போகும் வழியில் ஒரு மனைப்பிரிவைப் பார்த்துவைத்து, நாலு மாதம் அங்கே வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் முதலில் பிடித்திருந்த மனையில் முழங்கால் தண்ணீர். அதை விட்டுவிட்டு, மேட்டில் இருந்த சின்ன மனையாகப் பார்த்து, காகிதங்களை என்னிடம் கொண்டுவந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தார், காசோலையாக. இப்போதும் அதே வழியில்தான் போகிறார். போன மாதம் அலுவலகத்துக்கு வந்தவர், வடகிழக்குக் கல் ஒரு அடி உள்ளே நகர்ந்திருக்கிறது என்றார். நில அளவைக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.