நிரலகமும் பொதியும்: லைப்ரரி வேறு, பேக்கேஜ் வேறு

டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஒரு செயலியை மூலநிரலிலிருந்து கட்டும்போது ‘ஹார்ஃப்பஸ் கிடைக்கவில்லை’ என்று பிழை வருகிறது. அதை நிறுவச் சொன்னால் ‘ஏற்கெனவே நிறுவியாயிற்று, இருப்பது புதிய பதிப்பே’ என்கிறது கணினி. இரண்டில் எதுவும் பொய்யில்லை. பிழை கேட்பது ஒரு லைப்ரரியோடு, அதாவது பிற செயலிகள் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் திரட்டோடு, சேர்த்துக் கட்டத் தேவையான கோப்புகளை. கணினி பதில் சொல்வது ஒரு பேக்கேஜை, அதாவது நிறுவுவதற்காகக் கட்டி அனுப்பும் மூட்டையை, பற்றி. தமிழில் இரண்டையும் ‘தொகுப்பு’ என்று எழுதிவிட்டால், எங்கே இடிக்கிறது என்று விளக்குவதற்கே சொல் இல்லாமல் போகிறது.

லைப்ரரியிலிருந்து தொடங்கலாம். அதன் வேர் ‘லிபெர்’ என்ற லத்தீன் சொல். மரத்தின் உட்பட்டை என்பது அதன் முதற்பொருள். பட்டையில் எழுதியதால் புத்தகத்துக்கும் அதுவே பெயரானது. நம் ‘ஏடு’ இலையிலிருந்து வந்ததைப் போலத்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது புத்தகங்கள் இருக்கும் இடம் என்ற பொருள் நிலைத்தது. பிரெஞ்சிலோ அதே சொல்லுக்கு இன்று புத்தகக் கடை என்று பொருள். அதனால் பிரெஞ்சு நிரலாளர்களும் இந்தக் கலைச்சொல்லில் சறுக்குகிறார்கள்: ‘பிப்லியோதெக்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தின் சாயலில் ‘லிப்ரெரி’ என்று சொல்லி, திருத்தப்படுகிறார்கள்.

கணினித் துறைக்கு இந்தச் சொல் வந்தபோது அது வெறும் உவமையாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கான துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் இருந்தன. வர்க்கமூலம் காண ஒரு நாடா, எண்களை அச்சிட ஒரு நாடா என்று அவற்றை அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். நிரல் எழுதுகிறவர் வேண்டியதை எடுத்து, அதன் துளைகளைத் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்ப வைத்துவிடுவார். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951இல் இந்த முறையை நூலாகவே வெளியிட்டார்கள். படியெடுத்து நம் நிரலோடு ஒட்டிக்கொள்வது என்ற இந்த வேலையைத்தான் இன்றும் நிலை இணைப்பு (ஸ்டாட்டிக் லிங்கிங்) செய்கிறது. நாடா மட்டும் போய்விட்டது.

யூனிக்ஸில் அந்த அலமாரியின் இடத்துக்கு ‘ஏஆர்’ என்ற கருவி வந்தது. 1971இல் வந்த முதல் பதிப்புக் கையேட்டிலேயே அது இருக்கிறது. பல கோப்புகளை வரிசையாக ஒரே கோப்பில் அடுக்குவது மட்டுமே அதன் வேலை, சுருக்குவதுகூட இல்லை. ‘.ஏ’ என்று முடியும் நிலை லைப்ரரிகள் எல்லாம் ஏஆர் கட்டிய அடுக்குகளே.

இதற்குத் தமிழில் ‘நூலகம்’ என்று எழுதுவது வழக்கத்தில் இருக்கிறது. தவறென்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. உள்ளே நூல் எதுவும் இல்லை என்பது சிறியது. பெரியது, நூல் என்றால் இழையும் ஆகும் என்பது. கணினியில் ‘த்ரெட்’ என்பதை நாம் இழை என்கிறோம். அந்த இழைகளைக் கையாளும் லைப்ரரியை ‘இழை நூலகம்’ என்று எழுதிப் பாருங்கள், நெசவாலைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். ‘நிரலகம்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். நிரல் இருக்கும் அகம், அவ்வளவுதான். சொல் குட்டையாக இருக்கிறது, பன்மையும் வேற்றுமை உருபும் தடையின்றி ஏறுகின்றன, ‘நிலை நிரலகம்’, ‘பகிர் நிரலகம்’ (பல செயலிகள் இயங்கும்போது பகிர்ந்துகொள்வது) என்று அடையும் பிடிக்கிறது. இனி இந்தச் சொல்லையே கையாளலாம்.

பேக்கேஜின் கதை சந்தையைச் சேர்ந்தது. ‘பேக்’ என்பது கம்பளி வணிகத்தோடு டச்சு, பிளெமிஷ் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மூட்டைச் சொல். அதற்கு நம்மிடம் அச்சாகப் பொருந்தும் சொல் ஒன்று பழையதாகவே இருக்கிறது: பொதி. உப்புப் பொதி, பொதிமாடு, பொதிசோறு. வினையாகவும் வரும், பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். மென்பொருள் பொதி செய்வதும் அதுதான்: கோப்புகளை உள்ளே வைத்து, எங்கே இறக்க வேண்டும், கூடவே என்ன வேண்டும் என்ற சீட்டைச் சேர்த்து, கட்டி அனுப்புகிறது.

‘தொகுப்பு’ ஏன் ஆகாது என்றால், அது ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. மூலநிரலை இயந்திர மொழியாக்குவதையும் தொகுத்தல் என்கிறோம்; விக்கிப்பீடியாவில் பக்கத்தைத் திருத்தும் பொத்தானும் ‘தொகு’; திரட்டு என்ற பொதுப்பொருளும் உண்டு. ‘தொகுப்பைத் தொகுக்கவும்’ என்று ஒரு வழிகாட்டி சொன்னால், வாசகர் உரைத்திருத்தியைத் திறப்பாரா, கம்பைலரை ஓட்டுவாரா?

இனி முதலில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். ஹார்ஃப்பஸ் ஒரு நிரலகம், எழுத்துகளை உருவமாக்கித் தருவது. லினக்ஸ் மேசைக்கணினியில் ‘கொ’ சரியாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: நினைவகத்தில் ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாக இருக்கும் ஒகரத்தை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. டெபியன் இந்த ஒரு நிரலகத்தைப் பல பொதிகளாகப் பிரித்து அனுப்புகிறது. ‘லிப்ஹார்ஃப்பஸ்0பி’ என்ற பொதியில் இருப்பது இயங்குநேரக் கோப்பு மட்டும். தலைப்புக் கோப்புகளும் (ஹெடர்), கட்டும்போது இணைப்பி (லிங்கர்) தேடுகிற, பின்னால் எண் ஒட்டாத ‘.எஸ்ஓ’ என்ற பகிர் நிரலகப் பெயரும் ‘-டெவ்’ என்று முடியும் பொதியில் இருக்கின்றன. மேலே சொன்ன பிழைக்கு மருந்து அந்த டெவ் பொதி. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டில் அதன் வால் ‘-டெவல்’. ஆர்ச் லினக்ஸ் இவற்றைத் தனியாகப் பிரிப்பதில்லை, தலைப்புக் கோப்புகளும் நிரலகத்தின் பொதியிலேயே வரும். அதனால்தான் ஆர்ச்காரர் எழுதிய நிறுவல் குறிப்பு, டெபியன் வழிவந்த உபுண்டுவில் பாதியில் நின்றுவிடுகிறது.

பொதியின் பெயரில் ‘0பி’, கோப்பின் பெயரிலோ ‘.எஸ்ஓ.0’ என்பதையும் கவனிக்க வேண்டும். கோப்பின் பெயரை வைப்பது நிரலகத்தை எழுதியவர்கள். பொதிக்குப் பெயர் வைப்பது டெபியன்காரர்கள். இந்த இரண்டு பெயர்களும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு உபுண்டு 24.04 நல்ல சாட்சி. 32 பிட் கணினிகளின் கடிகாரம் 2038இல் நிரம்பிவிடும் என்பதற்காக நேரத்தை 64 பிட்டாக்கினார்கள். அதற்காகப் பல பொதிகளின் பெயரில் ‘டி64’ ஒட்டியது. ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்ற பொதி ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ ஆனது. உள்ளே இருக்கும் நிரலகக் கோப்பு பழையபடி ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ தான்.

அந்தக் கடைசி எண்ணுக்கு எஸ்ஓநேம் எண் என்று பெயர். பழைய செயலிகளை முறித்துவிடும் மாற்றம் வந்தால் அது ஏற வேண்டும். உபுண்டு 22.04இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தின் 3ஆம் பதிப்பு வந்தபோது, முன்பே கட்டப்பட்டிருந்த செயலிகள் ‘.எஸ்ஓ.1.1’ கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நின்றன. உடனே பலர் செய்வது, 3ஐக் காட்டி 1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போடுவது. தயவுசெய்து வேண்டாம். கோப்பு திறக்கும், ஆனால் அதனுள் இருக்கும் குறிப்பெயர்கள் ஒவ்வொன்றிலும் பதிப்பு முத்திரை உண்டு. செயலியை நினைவகத்தில் ஏற்றும் ‘லோடர்’ அதைச் சரிபார்த்து, ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 இல்லை’ என்று வேறொரு பிழையைத் தரும். செயலியைப் புதிய நிரலகத்தோடு மறுபடி கட்டுவதே சரி. முடியாவிட்டால் அந்தச் செயலியைப் பழைய வெளியீட்டுக் கொள்கலனில் (கன்டெய்னர்) ஓட்டலாம். 1.1.1 வரிசைக்கு அதை எழுதியவர்களின் பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்பது நினைவிருக்கட்டும்.

இதன் தம்பி ‘ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை’ என்ற பிழை. ஜிலிப்சி என்பது லினக்ஸ் செயலிகளின் அடிப்படை சி நிரலகம். இங்கே எஸ்ஓநேம் மாறவேயில்லை, ‘லிப்சி.எஸ்ஓ.6’ பல்லாண்டுகளாக 6ஆகவே இருக்கிறது. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த 2.34இல் இழை நிரலகம் முதன்மை நிரலகத்துக்குள் சேர்க்கப்பட்டது, செயலி தொடங்கும் வாசலுக்கும் புதிய முத்திரை விழுந்தது. அதனால் உபுண்டு 22.04இல் (2.35) வழக்கமான முறையில் கட்டிய சிறு செயலிகூட 20.04இல் (2.31) ஓடாது. வெளியே கொடுக்கும் செயலியை, ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய வெளியீட்டில் கட்டுங்கள். அங்கிருந்து முன்னோக்கி ஓடும்.

பிழை எந்தப் பக்கம் என்று அறிய, செயலி எந்த நிரலகங்களைக் கேட்கிறது என்று ‘எல்டிடி’யிடம் கேட்கலாம் (நம்பிக்கையில்லாத செயலியில் அதை ஓட்டாதீர்கள், சில சூழலில் செயலியே இயங்கிவிடக்கூடும்). கணினியில் உள்ள ஒரு கோப்பு எந்தப் பொதியில் வந்தது என்று ‘டிபிகேஜி’யின் பெரிய எஸ் தெரிவு சொல்லும். கணினியில் இல்லாத கோப்புக்கு ‘ஏபிடி-ஃபைல்’. ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்ற கருவியின் பெயரில் பேக்கேஜ் இருக்கிறது. அது சொல்வதோ நிரலகத்தோடு இணைக்கும் தெரிவுகளை. ஆங்கிலத்திலும் எல்லாரும் ஒழுங்கில்லை.

இன்னொரு வேடிக்கை. டெபியன் பொதியான ‘.டெப்’ கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அதுவும் ஏஆர் அடுக்குதான். உள்ளே மூன்று உறுப்புகள்: வடிவத்தின் பதிப்பு எழுதிய சிறு கோப்பு, கட்டுப்பாட்டுத் தகவல், இறக்க வேண்டிய சரக்கு. நிலை நிரலகத்தைக் கட்டிய அதே கயிறு பொதியையும் கட்டுகிறது.

அந்தக் கட்டுப்பாட்டுத் தகவலில் ‘டிபெண்ட்ஸ்’ என்ற வரி வரும். இதைச் ‘சார்பு’ என்று பெயர்ப்பதையும் கைவிடலாம். பள்ளிக் கணக்கிலிருந்தே ஃபங்க்ஷன் என்பதற்குச் சார்பு என்று படித்திருக்கிறோம். ‘தேவை’ போதும்: இந்தப் பொதியின் தேவைகள் இவை.

பைத்தானுக்குப் போனால் வேறு கணக்கு. அங்கே பேக்கேஜ் என்பது மாட்யூல்கள் இருக்கும் கோப்புறைக்கும் பெயர், இறக்கி நிறுவும் பொதிக்கும் பெயர். தமிழ் உரையைக் கையாளும் ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகத்தை அந்தப் பெயரில் ‘பிப்’ என்ற நிறுவல் கருவி கொண்டு நிறுவிவிட்டு, நிரலில் அதே பெயரில் அழைத்தால் கிடைக்காது. பொதியின் பெயர் ஓப்பன்-தமிழ். அழைக்க வேண்டிய பெயர் வெறும் ‘தமிழ்’. சரியாக அழைத்து, அதன் எழுத்துப் பிரிப்பியிடம் ‘நிரலகம்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஐந்து எழுத்து என்று திருப்பித் தரும். பைத்தானின் சொந்த நீளக் கணக்கு ஏழு என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது.