பேச்சு வரும்வரை புத்தகம் காத்திருக்க வேண்டுமா?

"முதல்ல பேசட்டும், படிக்கிறதெல்லாம் அப்புறம்." பேச்சு தாமதப்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சில குழந்தைகளுக்கு, குறிப்பாக டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை) உள்ளவர்களுக்கு, எழுத்தே பேச்சுக்குக் கைகொடுக்கும்.

சொன்ன சொல் அடுத்த கணமே காற்றோடு போய்விடுகிறது. 'நாய் பந்தைக் கவ்வியது' என்பது புரிய, 'கவ்வியது' காதில் விழும்வரை 'நாய்' மனதில் நிற்க வேண்டும். கேட்டதைச் சில விநாடிகள் பிடித்துவைக்கும் இந்தக் குறுகிய கால நினைவு டவுன் சிண்ட்ரோமில் பொதுவாகப் பலவீனம். கண்ணால் பார்த்ததை நினைவில் வைப்பது அதைவிடப் பரவாயில்லை. போதாக்குறைக்கு நடுக்காதில் நீர் கோத்து, கேட்பதும் அடிக்கடி மங்கும். (அதனால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் காதைப் பரிசோதித்துவிடுவது நல்லது.) அட்டையில் எழுதிய சொல் எங்கும் ஓடிவிடாது. பேச்சில் மெலிந்து ஒலிக்கும் 'பந்தை'யின் கடைசி ஒலிகூட அங்கே கண்ணுக்குத் தெரியும்.

ஆரம்பம் அ, ஆ அல்ல. குழந்தைக்கு ஏற்கெனவே புரிந்த சொற்கள். 'அம்மா', 'பால்' என்று இரண்டு அட்டைகளை வைத்து, கையில் கொடுத்த அட்டையை அதே சொல்லின் மேல் வைக்கச் சொல்கிறோம். அது பழகியதும், "பால் எது, எடு." வாயால் சொல்லச் சொல்வது கடைசியில்தான். முதல் இரண்டு படிகளுக்குப் பேச்சே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. கை தவறான அட்டைக்குப் போனால், 'தப்பு' என்று சொல்லாமல் சரியானதன் பக்கம் மெல்லத் திருப்பிவிடலாம். கொஞ்சம் சொற்கள் சேர்ந்ததும் 'அம்மா தூங்குகிறார்', 'பாப்பா தூங்குகிறது' என்று கோத்துக் கொடுத்தால், ஒற்றைச் சொல்லில் பேசும் குழந்தை இரட்டைச் சொல்லை வாசித்துப் பழகுகிறது.

சரி, இப்படியே எல்லாச் சொல்லையும் படம்போல மனப்பாடம் செய்துவிட முடியுமா? முடியாது. புதுச் சொல் வந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் × மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். டிஸ்லெக்ஸியாவில் (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) பெரும்பாலும் முதலாவது தடுமாறும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் கடகடவென்று படிப்பார்கள். படித்தது என்ன என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே எந்தப் பக்கம் தடை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண்.

கூட்டிப் படிக்க, முதலில் சொல்லுக்குள் ஒலிகள் இருப்பது காதுக்குப் பிடிபட வேண்டும். 'பல்'லில் 'ப்' போய் 'க்' வந்தால் 'கல்'. பேச்சு விளையாட்டாகவே இதைச் செய்யலாம். தமிழில் தனி வம்பு ஒன்றும் உண்டு. 'கொ' என்னும்போது 'க்' முதலில், 'ஒ' பிறகு ஒலிக்கிறது; எழுத்திலோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் குழந்தை இங்கே முட்டிக்கொண்டால் அது சோம்பலோ கவனக்குறைவோ இல்லை. இந்த எழுத்துகளைத் தனியாக எடுத்துச் சொல்லித்தர வேண்டும்.

பெருக்கலின் இன்னொரு பக்கமான மொழிப் புரிதல் கதை நேரத்தில் வளர்கிறது. பெரியவர் வாசிக்க, குழந்தை சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. 1988-ல் உளவியல் ஆய்வாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கவும் பதிலை நீட்டிச் சொல்லவும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் வழக்கம்போல வளரும் இரண்டு வயதுக் குழந்தைகள்தான். பேச்சு தாமதமானவர்களிடம் கூடுதலாகத் தேவைப்படுவது காத்திருப்பது. "நாய் என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். "பந்து" என்று வந்தால், "ஆமா, நாய் பந்தைக் கவ்வுது." விரலால் படத்தைத் தொட்டாலும் அதே பதில்தான்.