காலித் தோட்டாவில் மருந்து ஏற்றலாமா? உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் படிக்க

12 போர் தோட்டா விலை கட்டுபடியாகவில்லை, கேட்ட நேரத்தில் கடையில் சரக்கும் இருப்பதில்லை. இந்த நேரம் பார்த்து யாராவது ஒரு அமெரிக்க வீடியோவை அனுப்பி வைப்பார்கள். சுட்டு முடித்த காலிக் கூட்டில் புதுக் கேப்பு (தீப்பொறி தரும் சின்ன மூடி) அடித்து, வெடிமருந்து கொட்டி, ஈய ரவை போட்டு மூடி, பாதி விலைக்குத் தோட்டா தயார். அங்கே சொந்த உபயோகத்துக்கு அது சட்டப்படி சரி, சாமான்கள் கடையிலேயே கிடைக்கும். இதைச் செய்யும் கைக்கருவியான பிரஸ்ஸை நாமும் ஆன்லைனில் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

வாங்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவை மட்டும் தோட்டா என்று சொல்லவில்லை. தோட்டாவின் உதிரி பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். எனவே காலிக் கூடும் கேப்பும் பிரஸ்ஸும் தபாலில் வந்தால், உரிமம் இல்லாமல் தோட்டா இறக்குமதி செய்த கதையாகிவிடும். வீட்டில் உட்கார்ந்து மருந்து ஏற்றினால் அது உற்பத்தி. உங்கள் கையில் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம், உற்பத்திக்கு வேறு உரிமம் வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லா உற்பத்திக்குக் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பத்து தோட்டாவில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு இது தேவையா?

சுட்ட கூடுகளை அலமாரியில் போட்டு வைத்திருப்பதே குற்றமா என்று பயப்பட வேண்டாம். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் சில்லறைப் பாகங்களை வைத்திருப்பதற்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அதே அலமாரியில் மருந்து டப்பாவும் கேப்பும் இருந்தால் விலக்கைப் பற்றிப் பேச வாய் இருக்காது. பட்டாசைப் பிரித்து மருந்து எடுக்கும் பழக்கமும் சில ஊர்களில் உண்டு. அதில் வழக்குக்கு முன்னாலேயே கைவிரல் போய்விடும்.

சரி, அப்படியானால் மலிவாக எப்படித்தான் வாங்குவது? குறுக்கு வழி எதுவும் இல்லை. உரிமம் பெற்ற கடைகள் இரண்டு மூன்றில் போனில் விலை விசாரித்து, நம் நாட்டில் தயாரான தோட்டாவைக் கேளுங்கள். புனேக்குப் பக்கத்தில் கட்கி ஆலையிலிருந்து வருவது நம்மூர்க் கடைக்காரர்களுக்குப் பழகிய சரக்கு. 

பணம் வீணாவது பெரும்பாலும் விலையில் அல்ல, அலைச்சலில். கடைக்குப் போய், உரிமப் புத்தகத்தை நீட்டி, வெறுங்கையோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். காரணம் புத்தகத்திலேயே இருக்கும்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது ஒரு கணக்கு, ஆண்டு முழுக்க எத்தனை வாங்கலாம் என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் 25 என்று போட்டிருந்து வீட்டில் 18 மிச்சம் இருந்தால், கடையில் உங்களுக்கு 7தான். ஆண்டுக் கணக்கில் இடம் இருக்கிறதே என்று வாதாடிப் பலனில்லை. அப்பா காலத்துப் பழைய எண்ணிக்கையே தொடர்ந்து வந்திருந்தால், காரணம் எழுதி உயர்த்தித் தரச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையரிடம். இதைக் கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

வாங்கும்போது கடைக்காரர் எண்ணிக்கையையும் தேதியையும் உங்கள் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் போட்டுக்கலாம் என்றால் நகராதீர்கள். பில்லும் வேண்டும். பின்னால் சோதனை வந்தால் கணக்கில் இடிக்கும் தோட்டா உங்கள் தலையில்தான் விழும். உரிமத்தில் அடங்காத தோட்டாவுக்கு இன்று 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் உரிமம் இருக்கிறதே, அவரிடம் பத்து தோட்டா கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. அதற்கும் அவர் முன்கூட்டியே ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி அதுவரை காத்திருக்குமா என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அடுத்தது தனி அடையாள எண். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றி இந்த எண் வாங்காத உரிமம் செல்லாது. கடைசித் தேதி பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2020 ஜூனோடு முடிந்துவிட்டது. வயதானவர்கள் பலரிடம் புத்தகம் பத்திரமாக இருக்கும், எண் மட்டும் இருக்காது. புதுப்பித்தல் முத்திரை விழுந்திருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். புத்தகத்தைத் திறந்து இன்றே பாருங்கள்.

உரிமம் இப்போது 5 ஆண்டுக்கு. முடிய 60 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனுப் போட்டுவிட வேண்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால், கோப்பு வி.ஏ.ஓ.விடம், ஆர்.ஐ.யிடம், தாசில்தாரிடம், காவல் நிலையத்திடம் என்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே தேதி தாண்டிவிடும். அப்புறம் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. மனுவின் நகலில் தேதி முத்திரையோடு ஒப்புதல் வாங்காமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

"போலீஸ் ரிப்போர்ட் வரலை, நாங்க என்ன பண்றது?" இந்த ஒரு வாக்கியத்தால் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறித்த காலத்துக்குள் காவல் நிலைய அறிக்கை வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் உத்தரவு போடலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பேச்சின் தொனி மாறும். நிலம் குறைவு, சொத்து இல்லை என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும், அது அவர்களுக்கும் தெரியும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். தெரிந்த ஒரு பெரியவருக்குக் கொடுத்த ரசீதில் துப்பாக்கி எண் அச்சுப் பிசகாமல் இருந்தது, கூடவே கொடுத்த தோட்டாக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திரும்ப வாங்கும்போது துப்பாக்கி வந்தது. தோட்டாவைக் கேட்டதற்கு "நீங்க குடுத்தீங்களா?" என்றார்கள். புத்தகத்தில் வாங்கிய கணக்கு இருக்கிறது, கையில் சரக்கு இல்லை, யாரிடம் நிரூபிப்பது? எத்தனை, எந்த வகை என்று எழுத வையுங்கள், எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். முடிவு வந்த பிறகு ஒரு வாரம் பொறுத்து நேரில் போய்க் கேளுங்கள். போன் வரும் என்று வீட்டில் இருந்தால் அடுத்த தேர்தலே வந்துவிடும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய உரிமத்தில் இன்னொரு கண்ணி. துப்பாக்கி இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. காட்டுப்பன்றி இன்னமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டும்தான். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடுவார்கள், 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நீங்கள் சத்தம் எழுப்பி விரட்டலாம், அவ்வளவுதான். சுட்டால் துப்பாக்கியும் உரிமமும் சேர்ந்தே போகும்.

கடைசியாக, உரிமதாரர் இறந்துபோன வீடுகள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பத்திரம், பாஸ்புக் எல்லாம் தேடுவார்கள், பரண்மேல் இருக்கும் தோட்டாப் பெட்டியை மட்டும் மறந்துவிடுவார்கள். அவர் போன பிறகு அந்த உரிமம் மனைவிக்கோ மகனுக்கோ தானாக வராது. துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் வாரிசு உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுவது இதைவிடச் சுலபம். அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் வழி தருகின்றன. மனுவோடு மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள், அது இல்லையென்றுதான் முதல் தடவை திருப்பி அனுப்புவார்கள்.