பூநாரை மங்கலாக விழுந்தால் லென்ஸைக் கழற்றச் சொல்லாதீர்கள்

தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வந்திறங்கும் பனிக்காலத்தில் சர்வீஸ் மேசைக்கு டெலி லென்ஸ்கள் வரத் தொடங்கும். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஷார்ப்பா விழமாட்டேங்குது." பிரித்துப் பார்த்தால் பலவற்றில் பழுதே இருக்காது. இந்தக் கரையில் படத்தைக் கெடுப்பவை கானல், காற்று, உப்பு, மணல். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் கானல். வெயில் ஏற ஏற மணல் சூடாகி, அதை ஒட்டிய காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். 600 மி.மீ. லென்ஸில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை எடுத்தால், அந்தத் தூரம் முழுக்க ஒளி நெளிந்து வருகிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சோதிப்பது எளிது: டிரைபாடில் வைத்து, ஃபோகஸை மேனுவலில் பூட்டி, கரையேற்றிய வள்ளம் போன்ற அசையாத பொருளை 1/2000 நொடியில் 20 படம் தொடர்ச்சியாக எடுங்கள். கணினியில் நூறு சதவீத அளவில் பாருங்கள். படத்துக்குப் படம் தெளிவு மாறினால், நேர்கோடு நெளிந்தால், அது கானல். அதே பொருளை மறுநாள் விடியற்காலையில் எடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆட்டோஃபோகஸ் சோதனையைக் கடற்கரையில் செய்யவே வேண்டாம். வீட்டுச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டுங்கள். குவியத் தூரத்தைப்போல் 25 முதல் 50 மடங்கு தள்ளி நில்லுங்கள், 400 மி.மீ. லென்ஸுக்கு 10 முதல் 20 மீட்டர். லென்ஸின் ஒளித்துளையை (அபெர்ச்சர்) முழுதாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு 10 படம் எடுங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்த ஒரு படத்தோடு ஒப்பிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் பத்தும் ஒரே பக்கம் பிசகினால் கேமரா மெனுவிலுள்ள நுண்திருத்தத்திலேயே சரிசெய்யலாம். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தப் பிசகு அரிது. முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரோடும் அது இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். மலிவு ஃபில்டர் நீண்ட டெலி லென்ஸின் தெளிவைத் தின்றுவிடும். உப்புச் சாரலுக்குக் காப்பு என்று பகலில் மாட்டிக்கொள்ளுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள்.

லென்ஸைச் சோதிக்க நட்சத்திரத்தைவிடக் கறாரான பொருள் கிடையாது. இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அது நகராமல் டேப் ஒட்டுங்கள். வளையத்தில் அச்சடித்த முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். பிறகு படம் எடுத்து, நட்சத்திரப் புள்ளிகளின் வடிவத்தைப் படியுங்கள். எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் பூமியின் சுழற்சி. கிறுக்கலாக நெளிந்தால் காற்று. இரட்டையாகத் தெரிந்தால் டிரைபாட் மணலில் இறங்கியிருக்கிறது, அல்லது யாரோ இடித்திருக்கிறார்கள். நான்கு மூலையிலும் சிறகு விரித்தாற்போல் இருந்தால் கோமா என்ற லென்ஸ் வடிவமைப்புக் குறை. துளையை ஒன்றிரண்டு ஸ்டாப் (படி) சுருக்கினால் குறையும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால்தான் லென்ஸ் கண்ணாடி அச்சு விலகியிருக்க வாய்ப்பு. நேரம் ஆக ஆகப் புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் பெருகினால் முன்கண்ணாடியில் பனி படிகிறது. பவர் பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டை போதும்.

நட்சத்திரம் கோடாக இழுபடாமலிருக்க, எக்ஸ்போஷர் நேரத்துக்கு 500ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் பழக்கம் உண்டு: 24 மி.மீ.க்கு 20 நொடி, சிறிய 1.5 க்ராப் சென்சாரில் 14 நொடி. பிக்சல் நெருக்கமான இன்றைய சென்சார்களுக்கு 500க்குப் பதில் 300 வைப்பதே மேல். சோதனையை ஓரியனின் இடைப்பட்டையில் செய்யுங்கள். வான நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கேதான் கோடு அதிகம் இழுக்கும். தென்சிலுவையில் அதில் பாதிதான் இழுக்கும். அங்கே நன்றாக வந்ததை வைத்து அமைப்பைத் தீர்மானித்தால் ஏமாறுவீர்கள்.

டிராக்கர் (நட்சத்திரங்களின் நகர்வுக்கேற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) வாங்குவோர் கவனிக்க: அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். ஆனால் இங்கிருந்து துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். கடல் மூட்டமும் படகு விளக்கும் அதை மறைத்துவிடும். அச்சு ஏறக்குறைய படுக்கையாகக் கிடப்பதால் எதிர்எடை டிரைபாட் காலில் இடிக்கும். நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் தேவைப்படலாம். டிராக்கரின் அடிப்பாகம் அவ்வளவு கீழே சாயுமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதுவே ஊசலாடி அதிர்வைக் கூட்டும். பை தரையைத் தொடும்படி இருக்கட்டும். மணலில் வழக்கத்துக்கு மாறாக, அடியிலுள்ள மெல்லிய காலை முதலில் நீட்டுங்கள். அப்போதுதான் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பிளைவுட் துண்டு.

காய்ந்த சாரலை உலர்ந்த துணியால் தேய்ப்பதுதான் அதிகச் சேதம் தருவது. உப்புப் படிகம் பூச்சைக் கீறும். முதலில் ஊதி, பிறகு சுத்தமான குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, அதன்பின் துடையுங்கள். உப்பு அரிப்புக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் உள்ளேயும் நீர் கோக்கும். ஜிப் பையில் மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். வீட்டில் ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல்லும் போட்ட காற்றுப்புகா டப்பாவில் 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் பூஞ்சை அண்டாது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிப் பூநாரை வாழிடம் 2025 முதல் சரணாலயம். மேய்வதை நிறுத்திப் பறவைகள் தலையைத் தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள் என்பதால் நட்சத்திரச் சோதனையை மொட்டைமாடியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மூலை கெட்டே வந்தால், செய்தித்தாளைக் கேமராவைத் தலைகீழாக்கி இன்னொரு முறை எடுங்கள். படத்தில் அதே மூலை மங்கினால் லென்ஸ். எதிர்மூலைக்கு மாறினால் கேமரா சுவருக்கு நேராக இல்லை. லென்ஸ்தான் என்றால் அந்த இரண்டு படங்களின் வெட்டாத ரா (RAW, கேமரா பதியும் மூல) கோப்புகளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எங்கே பிரிக்க வேண்டும் என்று தேடும் நேரமும் கூலியும் மிச்சமாகும்.