மூக்குத்தண்டு ஆபரேஷன்: காப்பீட்டு அட்டை இருந்தும் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

மூக்கின் நடுத்தண்டு வளைந்து ஒரு பக்கம் அடைத்தே கிடந்தால் செய்யும் செப்டோபிளாஸ்டியும், சைனஸ், மூக்குச் சதைக்கான எண்டோஸ்கோபி அறுவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. திட்டம் 2012-ல் வந்தது, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது. இந்த வரலாறு எந்த கவுன்ட்டரிலும் உதவாது.

முதல் சிக்கல் வருமானம். 2022 முதல் வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். இது நோயாளியின் வருமானம் அல்ல, குடும்பத்தின் மொத்த வருமானம். வருமானச் சான்றுக்கான விசாரணையில் யாராவது “மாசம் பன்னிரண்டாயிரம் வரும்” என்று பேச்சுவாக்கில் சொன்னால், சான்றில் 1,44,000 ஏறிவிடும். அதோடு விண்ணப்பம் முடிந்தது. கூலி வேலையில் எல்லா மாதமும் ஒரே வருமானம் இருக்காது. உண்மையில் வேலை கிடைத்த மாதங்களைக் கணக்கிட்டு ஆண்டுத் தொகையாகவே சொல்லுங்கள். சான்று கைக்கு வந்ததும் அந்த எண்ணை அங்கேயே படித்துப் பாருங்கள்.

அடுத்து, அட்டை வாங்க எந்த ஆட்சியர் அலுவலகம்? 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. அரக்கோணம், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். கல்யாணமான பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டு ரேஷன் கார்டில் இருந்தால், கணவரின் காப்பீட்டு அட்டையில் அவரைச் சேர்க்க மாட்டார்கள். முதலில் ரேஷன் கார்டைச் சரிசெய்யுங்கள்.

அட்டை கிடைத்தாயிற்று, ஆஸ்பத்திரி? வாசலில் திட்டத்தின் போர்டு இருந்தால் எல்லா நோய்க்கும் எடுப்பார்கள் என்று பொருள் இல்லை. இதயத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற இடத்தில் மூக்குக்குச் செய்ய முடியாது. சில அறுவைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. “காப்பீடு எடுப்பீங்களா?” என்று பொதுவாகக் கேட்டால் “எடுப்போம்” என்றுதான் பதில் வரும். “காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு, இந்த ஆபரேஷனுக்கு எடுப்பீங்களா?” என்று கேளுங்கள். இல்லையேல் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-ல் விசாரியுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் அட்டை இல்லாதவர்களுக்கும் அறுவை உண்டு. அட்டை இல்லை என்பதற்காக அங்கே போகாமல் இருக்க வேண்டாம்.

அதிகம் பேர் கவிழ்வது மருத்துவர் எழுதும் சீட்டில்தான். மூக்கழகுக்கான அறுவை திட்டத்தில் இல்லை. வெறும் ‘ரைனோபிளாஸ்டி’ என்று எழுதியிருந்தால், காப்பீட்டு அலுவலர் அதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்கிவிடலாம். மூச்சடைப்பு, எந்தப் பக்கம், எத்தனை நாளாக, ஸ்பிரேயும் மாத்திரையும் எத்தனை வாரம் போட்டும் கேட்கவில்லை என்பது சீட்டில் இருக்க வேண்டும். கூடவே எண்டோஸ்கோபி படம், மருத்துவர் கேட்டால் சைனஸ் சி.டி. ஸ்கேன். பழைய ஓ.பி. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மருந்து போட்டுப் பார்த்ததற்கு அவைதான் சாட்சி.

காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வந்த பிறகே அறுவை. “அப்ரூவல் வரலை” என்று நாள் கடத்தினால், மேலே கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பியிருக்கிறார்களா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு ஊழியரிடம் கேளுங்கள். பல நேரம் ஒரு படம் சேர்க்காததால் ஃபைல் ஆஸ்பத்திரியிலேயே தூங்கும். பழியெல்லாம் சென்னைக்கு.

இது ரொக்கமில்லாத் திட்டம். “இப்போ கட்டுங்க, பிறகு கிளெய்ம் வரும்” என்றால் கட்டாதீர்கள். அந்தப் பணம் திரும்பாது. படுக்கை, மயக்க மருந்து, அறுவை, மருந்து எல்லாம் திட்டம் ஆஸ்பத்திரிக்குத் தரும் தொகுப்புத் தொகைக்குள் அடக்கம். தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். கேட்ட உடனே குரல் மாறும். மாறாவிட்டால் அதே இலவச எண்ணில் புகார், அல்லது திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்வு நாளில் மனு.

தோல், ஷூ கம்பெனியில் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? அப்படியானால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாகப் போவதே லாபம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால், ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். காப்பீட்டு அட்டை கூலி தராது.

அலர்ஜித் தும்மலும் நீரொழுக்கும் இந்த அறுவையால் போகாது. அதற்கு மருந்து தொடர வேண்டும். அறுவைக்குப் பின் மூக்கில் வைக்கும் பஞ்சை ஓரிரு நாளில் எடுப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் தகடு வைத்திருந்தால் சுமார் ஒரு வாரம். அதுவரை மூக்கைச் சிந்தக் கூடாது, இரண்டு வாரம் மூட்டை தூக்கக் கூடாது, உப்புநீரால் கழுவ வேண்டும். தகடு எடுக்கவும் உள்ளே சுத்தம் செய்யவும் எந்தத் தேதியில் வர வேண்டும், அதற்குப் பணம் உண்டா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.